முன்பே சொல்வதா, கேட்டால் சொல்வதா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ்நாடு-கேரள எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சாதாரணம். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. இந்த ஊரில், குழந்தைகள் விடுதி வார்டன் ஒருவருக்கு நெருங்கியவர் மேல் குழந்தைகளுக்கு எதிரான குற்ற வழக்கு என்றால், அவர் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டுமா?

கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பது ஒரு வழி. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. தப்பு அவருடையது இல்லை, ஊர் வாய்க்கும் பயம். ஆனால் ஆபத்து உண்டா இல்லையா என்று அவரே தனியாக முடிவு செய்துவிடுகிறார். இங்கிலாந்தில் ஒரு தலைமையாசிரியை அப்படித்தான் இருந்தார். அவருடைய நண்பர் 2010இல் குழந்தைகளின் ஆபாசப் படங்கள் வழக்கில் தண்டனை பெற்றார். காதல் உறவு இல்லை, சேர்ந்து வாங்கிய வீடு மட்டும் இருந்தது. நிர்வாகத்திடம் சொல்லவில்லை, வேலை போனது. 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் பணிநீக்கம் சரியே என்றது.

இன்னொன்று, தெரிந்தவுடன் எழுதிக் கொடுப்பது. கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நபர் விடுதிப் பக்கம் வராமல் பார்ப்பது, சாவி, பதிவேடு யாரிடம் இருக்கலாம் என்பது எல்லாம் அப்புறம் நிர்வாகத்தின் பொறுப்பு. நான் இதைத்தான் சொல்வேன். அந்தக் கடிதத்தை ரகசியமாக வைப்பது நிர்வாகத்தின் கடமை. அதை டீக்கடைப் பேச்சாக்கினால் அடுத்தவர் வாயே திறக்க மாட்டார்.

குற்றமே நடந்தது தெரிந்தால் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியாக வேண்டும், சொந்தக்காரராக இருந்தாலும்.