வடிகால் போல்ட்டில் பழைய மண்: கியர் பாக்ஸ் ‘கழுவிய’ கதை

கியர் பாக்ஸைக் கழுவி ஆயில் மாற்றுவதாகச் சொன்ன சேலத்துப் பணிமனை ஒன்றில் 19,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

வண்டி 2009ஆம் ஆண்டு ஹோண்டா சிஆர்-வி. 2.4 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். இருவர் கைமாறி என்னிடம் வந்தபோதே ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. காலையில் எடுத்தவுடன் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது பின்னால் யாரோ இடித்ததுபோல ஒரு குலுக்கல். வண்டி முன்னே நகர ‘டி’யில் (டிரைவ்) போட்டால் ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

பணிமனையின் மேற்பார்வையாளர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. “மெஷின் வைத்துக் கழுவி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் வெண்ணெய் மாதிரி ஓடும் சார். விட்டுவிட்டால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும், லட்ச ரூபாய்க்குக் குறையாது” என்றார். அந்த லட்சம்தான் என் வாயை அடைத்தது. நான்கு மணி நேரத்தில் வண்டி தயார். பில்லில் ஆயில் எட்டு லிட்டர், உள் ஃபில்டர், மெஷின் கூலி.

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை. இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரத் தயங்குகிறது. அம்மா பின் இருக்கையில் முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் ஆத்தூரில் சிறிய கொட்டகை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனேன். இன்ஜின் சூடாக இருக்கும்போதே அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து கியர் பாக்ஸ் ஆயிலின் அளவுக் கம்பியை உருவினார். ஆயில் மேல் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. நிறம் கருப்பு, அதில் சோப்பு நுரைபோலக் குமிழ்கள். பிறகு வண்டியைத் தூக்கி, என்னையும் கீழே குனியச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டினார். பழைய ஆயிலை இறக்கத் திறக்கும் வடிகால் போல்ட்டின் சதுரக் குழி முழுவதும் காய்ந்த மண். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு கீறல் இல்லை. “தம்பி, இதில் ஸ்பேனர் பட்டுப் பல வருஷம் ஆகிறது” என்றார்.

பழைய ஆயிலை இறக்காமலே மேலே எதையோ ஊற்றியிருக்கிறார்கள். அளவு மீறினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, உள்ளே கியர்களைப் பிடிக்கும் கிளட்சுகள் வழுக்கும். மாற்றியதாக எழுதிய உள் ஃபில்டர் இன்னும் பெரிய பொய். இந்தக் கியர் பெட்டியில் அதைத் தொட வேண்டுமானால், பெட்டியை இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் நடக்கிற வேலையா அது?

பெரியவர் மெஷின் எதுவும் வைக்கவில்லை. போல்ட்டைத் திறந்தார், அதன் முனையிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு மீசைபோல ஒட்டியிருந்தது. “இது தேய்மானத் தூள், பயப்படாதீர்கள். துண்டுத் துண்டாக இரும்பு வந்தால்தான் கவலை” என்றார். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஹோண்டாவின் டி.டபிள்யூ.-1 ஆயிலை மட்டுமே ஊற்றினார். இந்தப் பெட்டியில் ஏறக்குறைய ஏழு லிட்டர் இருந்தாலும் ஒரு தடவைக்கு இரண்டரை லிட்டர் அளவுதான் வடியும். அதனால் சில நாள் இடைவெளியில் மூன்று முறை மாற்றினோம். அப்படியும் கால் பங்கு பழையது உள்ளே தங்கும் என்று கணக்குச் சொன்னார்.

அந்த ‘டொக்’ சத்தத்துக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ஒன்றின் ரப்பர் கிழிந்திருந்தது. மவுண்ட் உட்பட எல்லாம் சேர்த்து, முதலில் கொடுத்ததைவிடக் குறைவாகவே ஆனது. குளிர்ந்த இன்ஜினில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே லேசான தயக்கம் இன்னும் இருக்கிறது. பதினைந்து வயது தாண்டிய வண்டியிடம் அதை நான் மன்னித்துவிட்டேன்.

பணிமனைக்குப் போய், கழற்றிய பழைய ஃபில்டரைக் காட்டச் சொன்னேன். குப்பைக்குப் போய்விட்டதாம். போல்ட்டின் படத்தைக் காட்டியதும் 4,000 ரூபாய் திருப்பித் தர முன்வந்தார்கள், நான் வாங்கவில்லை. ஐந்து லட்சம் வரையிலான தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பில்லையும் படங்களையும் இணைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.