ஐஆர்எஸ் டைரக்ட் ஃபைல் – ரெண்டு வருஷம் உபயோகிச்ச அனுபவம், அதை மூடினது ஏன் தப்பு

டைரக்ட் ஃபைல்ங்கறது அமெரிக்காவோட வருமான வரித்துறை ஐஆர்எஸ், நம்ம வருஷ வருமான வரிக் கணக்கை (ரிட்டர்னை) ஆன்லைன்ல இலவசமா போட நடத்தின சர்வீஸ். மூடிட்ட ஒரு சர்வீஸுக்கு இப்ப எதுக்கு ரிவ்யூன்னு கேக்கலாம். டாக்ஸ் சீசன் வந்ததும் என்கூட வேலை பாக்கறவங்க ரெண்டு பேர் "போன வருஷம் ஃப்ரீயா போட்டியே, அந்த லிங்க் குடு"ன்னு கேட்டாங்க, குடுக்க லிங்க் இல்ல. மனசு ஆறல, அதான் எழுதறேன்.

நாங்க இருக்கறது டெக்ஸாஸ்ல, டாலஸ் பக்கம். நான் ஸ்கூல்ல டீச்சர் எய்டா இருக்கேன், வீட்டுக்காரர் வேர்ஹவுஸ்ல சூப்பர்வைசர். ரெண்டு டபிள்யூ-2 (வருஷ சம்பளத்தையும் பிடிச்ச டாக்ஸையும் காட்டி கம்பெனி தர்ற ஃபார்ம்), பேங்க் வட்டி கொஞ்சம், என் படிப்புக்கு வாங்கின லோன், ஒரு பொண்ணு, எங்க டாக்ஸ் இவ்ளோதான். ஷேர் இல்ல, வாடகை வருமானம் இல்ல. ஒரு பக்கத்துல முடியவேண்டிய கணக்கு.

2023-ல இதையே ஒரு சாஃப்ட்வேர்ல போட்டோம். விளம்பரத்துல பெருசா ஃப்ரீன்னு போட்டிருந்தாங்க. ராத்திரி பொண்ணு தூங்கினப்புறம் உக்காந்து பேர், அட்ரஸ், சோஷியல் செக்யூரிட்டி நம்பர், ரெண்டு டபிள்யூ-2 எல்லாம் அடிச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு கடைசில லோன் வட்டியைப் போட்டதும் இது ஃப்ரீல வராது, மேல உள்ள பிளானுக்கு மாறணும்னு வந்துது. 89 டாலர். அந்த நேரத்துல யார் விட்டுட்டு வேற இடத்துல போய் முதல்லேர்ந்து அடிப்பாங்க? கட்டினோம். பணம் போனதை விட, உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு கடைசில பில் நீட்டின விதம்தான் ரொம்ப உறுத்திச்சு.

அடுத்த வருஷம் 2024-ல ஐஆர்எஸ் தானே டைரக்ட் ஃபைல்னு பைலட் (சோதனை முயற்சி) ஆரம்பிச்சாங்க, 12 மாநிலத்துல, அதுல டெக்ஸாஸும் இருந்துது. மார்ச் 12 அன்னிக்குதான் எல்லாருக்கும் திறந்தாங்க, ஏப்ரல் 15 கெடு, ஆக ஒரு மாசம் சொச்சம்தான். உள்ள போனதும் முதல் வேலையே உங்களுக்கு இது ஒத்துவருமா வராதான்னு பாக்கற கேள்விகள்தான். எந்த மாநிலத்துல இருந்தீங்க, என்ன வருமானம், ஷேர் வித்தீங்களா, சொந்தத் தொழில் உண்டா. வராதுன்னா அங்கயே வராதுன்னு சொல்லி அனுப்பிடும். நான் இந்த ரிவ்யூ எழுதறதே முக்கியமா இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். முடியாதுங்கறத வாசல்லயே சொல்றதுக்கும், ரெண்டு மணி நேர உழைப்பை வாங்கிட்டு அப்புறம் சொல்றதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு ரெண்டையும் அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

அடையாளம் காட்டற படி கொஞ்சம் இழுவைதான், லைசென்ஸ் போட்டோ, செல்ஃபி எல்லாம் கேக்கும், ஸ்மார்ட்போன் பழக்கம் இல்லாத பெரியவங்களுக்கு கஷ்டமா இருக்கும். அதைத் தாண்டிட்டா ஸ்க்ரீனுக்கு ஒண்ணு ரெண்டு கேள்வி, எல்லாம் சாதாரண பாஷைல. பொண்ணு பாதி வருஷத்துக்கு மேல உங்ககூட இருந்தாளான்னு கேட்டுது, ஆமான்னேன், 2,000 டாலர் சைல்ட் டாக்ஸ் க்ரெடிட்டை (குழந்தை இருக்கறவங்களுக்கு டாக்ஸ்ல குறைக்கற தொகை) அதுவே கணக்குல சேத்துது. ஸ்கூல்ல வேலை பாக்கறீங்களா, கிளாஸுக்காக கைக்காசு போட்டீங்களான்னு கேட்டுது. க்ரையான், கிளூ ஸ்டிக், ஸ்டிக்கர்னு நான் வருஷம் முழுக்க வாங்கிட்டேதான் இருக்கேன், 900 மணி நேரம் வேலை பாத்திருந்தா எய்டுக்கும் 300 டாலர் வரைக்கும் கழிக்கலாம்ங்கறது எனக்கு அன்னிக்குதான் தெரியும். அதுக்கு முன்னாடி வருஷம் காசு வாங்கின சாஃப்ட்வேர்ல நான் இதை எடுக்கவே இல்ல. லோன் வட்டியையும் ஏத்துக்கிச்சு, எந்த பிளானுக்கும் மாறச் சொல்லல. முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுது, மூணு வாரத்துக்குள்ள ரீஃபண்ட் வந்துது. நடுவுல ஒரு சந்தேகத்துக்கு சாட்ல கேட்டேன், ஆள்தான் பதில் சொன்னாங்க. பைலட் முடிஞ்சப்புறம் எடுத்த சர்வேல 90 சதவீதம் பேர் அருமை இல்லன்னா சராசரிக்கு மேலன்னு சொல்லியிருந்தாங்க, எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல.

குறை இருந்துதான்னா இருந்துது, அதையும் சொல்லணும். வாசல் ரொம்ப சின்னது. ஷேர் வித்தா வராது, ஃப்ரீலான்ஸ் வருமானம் இருந்தா வராது, வீட்டு லோன் வட்டி மாதிரி செலவுகளை ஐட்டமைஸ் பண்ணணும்னா (ஒவ்வொண்ணா பட்டியல் போட்டுக் கழிக்கணும்னா) வராது. நம்ம ஆளுங்கள்ல ஐடில இருக்கறவங்க நிறைய பேருக்கு ஆர்எஸ்யு (சம்பளத்தோட கம்பெனி தர்ற ஷேர்) வித்த கணக்கு இருக்கும், அவங்களுக்கு முதல் கேள்விகள்லயே கதவு மூடிடும். அமெரிக்கா வந்த முதல் வருஷம் நான்-ரெசிடென்ட்டா ஃபைல் பண்றவங்களுக்கும் இடம் இல்ல. பாஷை இங்கிலீஷும் ஸ்பானிஷும் மட்டும். மாநில டாக்ஸ் இருக்கற ஊர்ல அதை வேற தளத்துக்குப் போய் முடிக்கணும், டெக்ஸாஸ்ல மாநில வருமான வரியே இல்லாததால எங்களுக்கு அது பிரச்சனை ஆகல. 2025-ல 25 மாநிலம் ஆச்சு, எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு), குழந்தையைப் பாத்துக்க ஆகற செலவுக்கான க்ரெடிட் எல்லாம் சேத்தாங்க, நம்ம விவரத்துல கொஞ்சம் தானாவே இழுத்துக்கவும் செஞ்சுது. வாசலை வருஷா வருஷம் அகலப்படுத்திட்டுதான் இருந்தாங்க.

அப்புறம் 2025 கடைசில ஐஆர்எஸ் மாநிலங்களுக்குத் தகவல் அனுப்பிட்டாங்க, 2026 சீசனுக்கு டைரக்ட் ஃபைல் கிடையாதுன்னு.

மூடினவங்க சொல்ற காரணத்தையும் நான் சும்மா தள்ளிவிடல, உக்காந்து யோசிச்சேன். கொஞ்ச பேர்தான் உபயோகிச்சாங்க, செலவு ஜாஸ்தி, தனியார் இதை நல்லா செய்வாங்க, இந்த மூணுதான். ஆள் கம்மிங்கறது உண்மை, முதல் வருஷம் 1,40,803 பேர், ரெண்டாவது வருஷம் மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி, இந்த நாட்டுல வருஷத்துக்கு 14 கோடிக்கு மேல தனிநபர் ரிட்டர்ன் போகுது, அதுல இது துளிதான். செலவுக்கணக்குல ரெண்டாவது வருஷம் ஒரு ரிட்டர்னுக்கு 138 டாலர் ஆச்சுங்கறாங்க. இருக்கட்டும். ஆனா முதல் வருஷ பைலட்டுக்கு ஆனதா ஐஆர்எஸ் சொன்னது 2.46 கோடி டாலர், அதை அந்த வருஷ ஆளுங்களால வகுத்தா 175 கிட்ட வருது. அப்ப ஒரே வருஷத்துல இறங்கியிருக்கு இல்லயா? கிணறு வெட்டற வருஷத்துல ஒரு குடம் தண்ணி என்ன விலைன்னு கணக்குப் போட்டா எந்தக் கிணறும் நஷ்டம்தான். வெட்டி, தண்ணியும் வந்தப்புறம் மண்ணைப் போட்டு மூடறதை எப்படி சிக்கனம்னு சொல்றாங்கன்னு எனக்குப் புரியல.

டாக்ஸ் வசூல் பண்றவங்களே ரிட்டர்னையும் தயார் பண்ணிக் குடுக்கலாமான்னு ஒரு கேள்வி இருக்கு, அது நியாயமான கேள்வி, நமக்கு சாதகமானதை அவங்க ஏன் தேடிக் குடுக்கப்போறாங்கன்னு. எனக்கு அந்த 300 டாலரை ஞாபகப்படுத்தினது அவங்கதான்ங்கறது என் அனுபவம். மத்தபடி வேணும்னா உபயோகிக்கலாம், வேணாம்னா காசு குடுத்து வேற இடத்துல போடலாம், யாரையும் கட்டாயப்படுத்தல.

தனியார் நல்லா செய்வாங்கங்கறதுலதான் எனக்கு நம்பிக்கை இல்ல, ஏன்னா அதை ஏற்கனவே செஞ்சு பாத்தாச்சு. 2002-ல ஐஆர்எஸ் டாக்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனிகளோட ஒப்பந்தம் போட்டாங்க, நீங்க குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு ஃப்ரீ ஃபைல் குடுங்க, நாங்க சொந்தமா சாஃப்ட்வேர் பண்ணமாட்டோம்னு. 2019 கடைசில அந்த வாக்கு நீங்கற வரைக்கும் ஐஆர்எஸ் கையைக் கட்டிட்டுதான் நின்னுது. ஃப்ரீ ஃபைலுக்குத் தகுதி உள்ளவங்க நூத்துல 70 பேர், உபயோகிக்கறவங்க அஞ்சு பேர் கூட இல்ல. ஃப்ரீன்னு விளம்பரம் பண்ண விதத்துக்காக டர்போடாக்ஸ் நடத்தற இன்டூயிட் 2022-ல 50 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டிசிக்கும் 14.1 கோடி டாலர் குடுத்து செட்டில் பண்ணினாங்க, தப்புன்னு ஒத்துக்கல, ஆனா பணம் 44 லட்சம் பேருக்குப் போச்சு. ஃப்ரீ ஃபைலோட வருமான வரம்பும் இடிச்சுது, 2024-ல 79,000 டாலர், எங்க ரெண்டு சம்பளமும் சேந்து அதை சும்மா கொஞ்சம் தாண்டிச்சு.

இது ஒரு கட்சியோட யோசனையும் இல்ல. 1985-லயே ரீகன் பாதி பேருக்கு மேல ரிட்டர்னே நிரப்ப வேண்டாம்ங்கற திட்டத்தைப் பத்திப் பேசினார். காரணம் ரொம்ப எளிசு, நம்ம டபிள்யூ-2 நம்ம கைக்கு வர்ற அதே சமயத்துல ஜனவரி 31-க்குள்ள கம்பெனி அரசாங்கத்துக்கும் அனுப்பிடறாங்க. அவங்ககிட்ட இருக்கற எண்ணை நாம திரும்ப அடிச்சு அவங்களுக்கே அனுப்பறோம், அதுக்கு நடுவுல ஒருத்தருக்குக் காசும் குடுக்கறோம்.

ஒரு பாலிசி நல்லதா கெட்டதான்னு பாக்க டிவில கத்தறதைக் கேக்கறதை விட, சாயங்காலம் வேலை விட்டு வந்த ஒரு ஆள் அந்த ஃபார்ம் முன்னாடி உக்காந்தா என்ன நடக்குதுன்னு பாக்கலாம். டைரக்ட் ஃபைலுக்கு நான் அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், அந்த ஒண்ணைக் குறைச்சது சின்ன வாசலுக்காக. மூடின முடிவுக்குக் குடுக்க என்கிட்ட ஸ்டார் இல்ல.

இந்த வருஷம் என்ன பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு: வருமானம் வரம்புக்குள்ள இருந்தா ஐஆர்எஸ் தளத்து வழியாவே ஃப்ரீ ஃபைல் போங்க, நேரா கம்பெனி தளத்துக்குப் போகாதீங்க. விட்டா வாலண்டியர்கள் நிறைய ஊர்ல லைப்ரரிலயே உக்காந்து இலவசமா போட்டுத் தருவாங்க, அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் எடுங்க. நாங்க ஐஆர்எஸ் தளத்துல இருக்கற ஃபில்லபிள் ஃபார்ம்ஸ்ல (நாமளே நிரப்பற ஆன்லைன் ஃபார்ம்) போட்டோம், அதுக்கு வருமான வரம்பு இல்ல, ஆனா கூட்டல் கழித்தல் மட்டும்தான் அது பாக்கும், எந்த எண் ஃபார்ம்ல எந்த லைன்ல போகணும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். டபிள்யூ-2-ல பாக்ஸ் 1-ல இருக்கற சம்பளம் 1ஏ லைன்ல, பாக்ஸ் 2-ல இருக்கற பிடிச்ச டாக்ஸ் 25ஏ லைன்ல. வீட்டுக்காரர் எண்ணைப் படிக்கப் படிக்க நான் அடிச்சேன், அப்புறம் நான் படிக்க அவர் ஸ்க்ரீனைப் பாத்தார், சைல்ட் க்ரெடிட்டுக்குத் தனியா 8812 ஷெட்யூல்னு ஒரு இணைப்பு ஃபார்ம். சனிக்கிழமை காலைல காபியோட உக்காந்தது, எழுந்தப்ப மணி ஒண்ணரை.