வீட்டுத் தொட்டியில் கணவாய்: கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அனுபவம்

கடல்மீன் தொட்டியைச் சில ஆண்டுகள் நிலையாகப் பராமரித்தவருக்கு, மை கக்கும் கடற்பிராணியான கணவாயை (cuttlefish) வளர்ப்பது கைகூடும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். நம் கடற்கரையில் பிடிபடும் ஓட்டுக் கணவாய் 40 செ.மீ. வரை வளரக்கூடியது, வீட்டுக்கு ஒவ்வாது. நான் வளர்த்தது உள்ளங்கையில் அடங்கும் குட்டை இனம். பெங்களூரு வியாபாரி ஒருவர் மூலம் வந்தது.

எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 கிராம் கடலுப்புக் கலவை சேர்த்தேன். 300 லிட்டர் தொட்டிக்கு வாரம் 60 லிட்டர் மாற்றினால் இரண்டு கிலோவுக்கு மேல் உப்பு கரைகிறது. கணவாய் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் பிராணி. அம்மோனியா சிறிதும் தங்கக் கூடாது. அதன் நீல ரத்தத்தில் தாமிரம் இருக்கிறது. ஆனால் நீரில் தாமிரம் கலந்தால் அதுவே நஞ்சு. பித்தளைக் குழாயும் தாமிரம் கலந்த மீன் மருந்தும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

கோடையில் குளிரூட்டி ஓயாமல் ஓடி 25 டிகிரியைக் காத்தது. மின்வெட்டுக்கு பேட்டரிக் காற்றுப் பம்ப் கட்டாயம். ஒருமுறை மின்சாரம் திரும்பி விளக்கு பளிச்சென்று எரிந்ததும், கணவாய் மிரண்டு மையைக் கக்கிவிட்டது. மையை உறிஞ்சும் கரிப்பையைப் போட்டு, பாதி நீரை மாற்றிய பிறகே தெளிந்தது. அன்றிலிருந்து விளக்கைப் படிப்படியாகத்தான் ஏற்றுவேன்.

உண்மையான சிக்கல் இரைதான். குட்டிப் பருவத்தில் உயிருள்ள சிற்றிறால் தினமும் வேண்டும்; ஆர்ட்டீமியா எனும் உப்புநீர்ச் சிற்றுயிரை மட்டும் போட்டால் தேறாது. கே.ஆர்.பி. அணைப் பக்கம் இறால் பிடித்துத் தரச் சிலர் முன்வந்தார்கள். அந்த அணைக்கு நீர் தரும் தென்பெண்ணையாற்றில் ஆலைக் கழிவு கலந்து, மேலே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்த எனக்கு மனம் ஒப்பவில்லை. பெங்களூரிலிருந்தே வரவழைத்தேன், செலவில் பெரும்பகுதி அதற்கே போனது. வளர்ந்த பின், உறைந்த கடல் இறாலைக் குச்சியில் செருகி அசைத்துப் பழக்கினேன்.

அது வேட்டையாடுவதைப் பார்க்க வேண்டும்! முன்கைகள் இரண்டைத் தூக்கி நிற்கும். உடம்பில் கருமையும் வெண்மையும் அலையலையாக ஓடும். கண்பாவை வளைந்த கோடாகச் சுருங்கும். அடுத்த நொடி, ஒளித்து வைத்திருந்த இரு நீள் கைகள் பாய்ந்து இறாலை இழுத்துக்கொள்ளும். இத்தனை நிறம் காட்டும் பிராணிக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

வேறு மீன்களோடு விட முடியாது: சிறியவற்றை அது தின்றுவிடும், பெரியவை அதைக் கடிக்கும். ஆயுளோ ஏறத்தாழ ஓராண்டு. கடைசி வாரங்களில் கண் மங்கியது, பாய்ந்த கைகள் இரையைத் தவறவிட்டன. வாய்க்கருகே கொண்டுபோய் ஊட்டினேன். அந்த வருத்தத்தைத் தாங்க முடியாதவர்கள் வாங்க வேண்டாம்.

மறுபடி வளர்ப்பேன். ஆனால் அதற்கு முன் குட்டிகளுக்கு இரையாகும் மைசிட் எனும் சிற்றிறால் தனித்தொட்டியில் பெருக வேண்டும். அந்த வேலையைத்தான் இப்போது தொடங்கியிருக்கிறேன்.