மரப்பலகைக்குப் பின்னால் மறைத்த ஈரம்: புதுப்பித்த பழைய வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

பல்கலைக்கழகம் ஒன்றைச் சுற்றியே வாழும் சிறிய ஊரில், "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட பாரம்பரிய வீடு" என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு வீட்டை வாங்கி நானும் என் மனைவியும் ஏமாந்தோம். எங்களுக்கு விற்ற நிறுவனம் இப்போது அதே ஊரில் இன்னொரு பழைய வீட்டை அதே சொற்களோடு விற்பனைக்கு வைத்திருப்பதால், நடந்ததை விரிவாக எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன். வழக்கறிஞரின் ஆலோசனைப்படி நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை உறுதியானபோது கல்வியாண்டு தொடங்க ஆறு வாரங்களே இருந்தன. இத்தகைய ஊர்களில் வீடுகள் குறைவு. புதிதாக வரும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே சமயத்தில் தேடுவதால், அந்தச் சில வாரங்களில் வாங்குபவருக்கு நிதானம் இருப்பதில்லை என்பதை விற்பவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். வார இறுதிக்குள் இன்னும் மூன்று குடும்பங்கள் பார்க்க வருவதாக இடைத்தரகர் சொன்னார். மழை பெய்து பல வாரங்களாகியிருந்த ஒரு பிற்பகலில், நாற்பது நிமிடங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாளே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

வீடு உண்மையிலேயே அழகாக இருந்தது. உயரமான கூரையும் அகலமான சன்னல்களும் வழவழப்பாக மெருகேற்றிய பலகைத் தளமும் எங்களை மயக்கின. கூடத்தின் நான்கு சுவர்களிலும் இடுப்பளவு உயரத்துக்குப் புதிய மரப்பலகை பதித்திருந்தார்கள். "அக்காலத்துப் பாணியிலேயே செய்தது" என்றார்கள். அந்தப் பலகை கூடத்தின் சுவர்களில் மட்டும் ஏன் இருக்கிறது, மற்ற அறைகளில் அதன் சுவடுகூட ஏன் இல்லை என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு எல்லாவற்றுக்கும் விடை அந்தப் பலகைக்குப் பின்னால்தான் கிடைத்தது.

குடியேறிய நான்காம் மாதம் தொடர்ந்து மழை பெய்தது. பலகைக்குச் சற்று மேலே சுவரில் மஞ்சள் நிறக் கறை ஒன்று படர்ந்து, சில நாட்களில் வண்ணப்பூச்சு கொப்புளம் கொப்புளமாகப் பொருமியது. அறையில் பூஞ்சை நாற்றம் நிலைத்துவிட்டது. பழைய கட்டடங்களில் பல்லாண்டு வேலை செய்த ஒரு கொத்தனாரை அழைத்து இரண்டு பலகைகளைக் கழற்றச் செய்தோம். பின்புறம் முழுவதும் கறுத்த பூஞ்சை பிடித்திருந்தது; சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது; அவர் விரலால் தொட்டதும் செங்கல்லின் மேற்பரப்பு மாவாக உதிர்ந்தது.

அவர் விளக்கியதை இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தால் நாங்கள் அந்த வீட்டை வாங்கியிருக்க மாட்டோம். போர்ட்லாண்டு சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல்தான். அது வீடு கட்டும் வேலையில் பரவலாகப் புழங்க அதன் பின்னும் வெகுகாலம் ஆயிற்று. எனவே பழைய செங்கல் வீடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. அவற்றின் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு இருப்பது அரிது. நிலத்திலுள்ள நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியாக ஏறும். பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரை ஏறும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது என்பதால் ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகி வெளியேறிவிடும், சுவரும் நூறாண்டு தாங்கும். அந்தப் பூச்சை உரித்துவிட்டுச் சிமென்டைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள வண்ணத்தை அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், வெளியேற வழி தேடி இன்னும் மேலே ஏறும். அதனோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உள்ளிருந்து உடைக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுவே. சிமென்டுப் பூச்சிலும் ஈரம் தெரியத் தொடங்கியதும், ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை பதித்து மூடியிருக்கிறார்கள். அந்த உயரம் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

ஈரம் சுவரோடு நிற்கவில்லை. தளத்தைத் தாங்கும் உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் செருகப்பட்டவை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் மேலாக நீடித்தால் அழுகச் செய்யும் பூஞ்சை அதில் பற்றும் வாய்ப்பு உண்டு. எங்கள் வீட்டில் மூன்று உத்தரங்களின் முனைகள் உளுத்துப்போய், திருப்புளி பிடிவரை உள்ளே இறங்கியது. அந்த இடங்களில் மரப்பசையை அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசியிருந்தார்கள். அதைச் செய்தவர் உளுத்த மரத்தைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டுத்தான் செய்திருக்க முடியும். தெரியாமல் நேர்ந்த குறை என்று இதை என்னால் ஏற்க முடியவில்லை. மின்னிணைப்பும் அப்படியே இருந்தது. சுவிட்சுப் பலகைகள் அனைத்தும் புதியவை. ஒன்றைக் கழற்றியபோது ஒரு சாண் புதுக் கம்பியும், அதற்கு அப்பால் ரப்பர் உறை நொறுங்கிய பழைய கம்பியும் இருந்தன. நிலத்தொடர்பு (எர்த் இணைப்பு) பாதி அறைகளுக்கு இல்லவே இல்லை.

அந்த வீடு முன்பு மாணவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அங்கே இரண்டாண்டு தங்கிப் படித்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். "கூடத்தில் கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளித்தான் போடுவோம் சார், இல்லாவிட்டால் போர்வை நனைந்துவிடும்" என்று அவர் இயல்பாகச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கையெழுத்திடுவதற்கு முன் அவரைப் போன்ற ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும். மாணவர்கள் காலி செய்து நான்கு மாதங்களில் வீடு விற்பனைக்கு வந்துவிட்டது என்பதும் அவர் மூலமாகவே தெரிந்தது. ஈரமேறிய சுவர் காய்வதற்கு 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடப் பணியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. எங்கள் கூடத்துச் சுவரோ 30 சென்டிமீட்டருக்கும் மேல் கனமானது.

வாங்குவதற்கு முன் வீட்டை ஆய்வு செய்யவில்லையா என்று பலர் கேட்கிறார்கள். செய்தோம்; ஆனால் ஆய்வாளரை இடைத்தரகரே பரிந்துரைத்தார். "கண்ணுக்குத் தெரியும் பகுதிகள் மட்டும் பார்வையிடப்பட்டன" என்ற ஒரு வரி அவருடைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. விற்பனை ஒப்பந்தத்திலோ வீட்டை "இருக்கும் நிலையிலேயே" ஏற்றுக்கொள்வதாக நாங்கள் ஒப்பமிட்டிருந்தோம். முறையிடச் சென்றபோது, பழைய வீடென்றால் ஈரம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி ஒப்பந்தத்தின் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். குறையை அறிந்தே மறைத்தார்கள் என்று நிறுவ முடிந்தால் அந்த வரி அவர்களைக் காப்பாற்றாமல் போகலாம் என்று எங்கள் வழக்கறிஞர் கருதுகிறார். அதற்காகவே கழற்றிய ஒவ்வொரு பலகையையும் எண்ணிட்டு, படமெடுத்து வைத்திருக்கிறோம்.

இன்னொரு சிக்கலும் பிறகு வந்து சேர்ந்தது. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளது. தெருப்பக்கச் சன்னல்களை மாற்ற முன்னனுமதி வேண்டும், அதைப் பெறாமலேயே நிறுவனம் அவற்றை மாற்றியிருந்தது. பல நாடுகளில் இத்தகைய மாற்றத்தைச் சரிசெய்யும் பொறுப்பு, அதைச் செய்தவர் யாராக இருந்தாலும், இன்றைய உரிமையாளரிடமே கேட்கப்படும். எங்களிடமும் அப்படியே கேட்கப்பட்டது. "பாரம்பரியம்" என்ற சொல்லை விலையை ஏற்ற மட்டும் பயன்படுத்தியவர்கள் மீது எனக்கு மிகுந்த கோபம் உண்டு. பழஞ்சின்னங்களைக் காப்பதற்காக 1964-இல் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் கூடத்தில் இருந்ததோ நேற்றுச் செய்து, பழையது போலக் காட்டிய பலகை.

இப்படி ஒரு வீட்டைப் பார்க்கச் செல்பவர்கள், முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் செல்லுங்கள். சுவரை முழங்கால் உயரத்தில் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். பூச்சு சுவரைவிட்டு விலகியிருந்தால் பொக்கென்று ஒலிக்கும். வெளிப்புறத்தில் மண்ணோ நடைபாதையோ உள்தளத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் கைச்சாண் உயர்ந்திருந்தது. மின்னணு ஈரமானி உதவும். ஆனால் உப்புப் பிடித்த சுவரில் அது ஈரத்தைக் கூட்டிக் காட்டிவிடக்கூடும் என்பதால், ஐயம் இருந்தால் சுவரைத் துளைத்தெடுத்த மாதிரியை எடைபோட்டு, உலர்த்தி, மீண்டும் எடைபோடும் சோதனையே நம்பகமானது. வேலை தொடங்குவதற்கு முன்பும் நடுவிலும் எடுத்த படங்களையும், பொருள் வாங்கிய ரசீதுகளையும், அனுமதிக் கடிதங்களையும் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது, படங்கள் இருந்த கைப்பேசி தொலைந்துவிட்டது என்றார்கள்; அந்தப் பதிலைக் கேட்டதுமே நாங்கள் விலகியிருக்க வேண்டும். ஆய்வாளரை நீங்களே தேடி அமர்த்துங்கள்.

இப்போது கூடத்துச் சிமென்டுப் பூச்சு முழுவதையும் உரித்துவிட்டோம். சுவர் காயும்வரை சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்க வேண்டாம் என்று கொத்தனார் சொல்லியிருப்பதால், இந்த ஆண்டு முழுவதும் பின்னறை இரண்டில்தான் எங்கள் வாழ்க்கை. விற்பனைக்கு வந்துள்ள அடுத்த வீட்டின் படங்களைச் சென்ற வாரம் பார்த்தேன். அதன் கூடத்திலும் இடுப்பளவு உயரத்துக்குப் புதிய மரப்பலகை பதித்திருக்கிறார்கள். பார்க்கச் செல்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதில் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.