17-க்கும் 18-க்கும் நடுவே: நிசிலா, மயலினா?

பாடப்புத்தகத்தில் பெருமூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், பகுதிகளை அழகாகக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். ஸ்லைடில் அப்படி ஒரு கோடு கிடையாது. எந்தச் சாயம் போட்டிருக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எல்லை கண்ணில் படும்.

நிசில் சாயம் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும். நரம்பு செல்களின் உடல்கள் ஊதாவாகத் தெரியும், அவற்றிலிருந்து நீளும் இழைகள் தெரியாது. மயலின் சாயம் இழைகளைச் சுற்றிய மயலின் என்ற கொழுப்பு உறையைக் காட்டும், செல்களை விட்டுவிடும்.

ஜெர்மன் நரம்பியலாளர் பிராட்மன் 1909-இல் எண்ணிட்ட புறணிப் பகுதிகளில் 17-ஐ, அதாவது முதல் பார்வைப் புறணியை, எடுத்துக்கொள்வோம். அங்கே புறணியின் ஆறு அடுக்குகளில் நான்காம் அடுக்கு ஏ, பி, சி என்று பிரிந்திருக்கும். நிசிலில் சி பகுதி சிறு செல்கள் நெருக்கியடித்த கருத்த பட்டை. அதன் மேலே பி வெளிறி, ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். அடுத்த வெட்டை எடுத்து மயலின் சாயம் போட்டுப் பாருங்கள்: காலியாகத் தெரிந்த அந்த பி-தான் இப்போது புறணியிலேயே அடர்ந்த கோடு! செல் குறைந்த இடத்தில் இழைகள் குவிந்திருக்கின்றன. இதுதான் ஜென்னாரி கோடு. 1776-இல் பார்மாவில் மருத்துவ மாணவராக இருந்த பிரான்செஸ்கோ ஜென்னாரி சாயமே இல்லாமல், வெறுங்கண்ணால் கண்டது. பக்கத்துப் பகுதியான 18 தொடங்கும் இடத்தில் கோடு சட்டென்று நின்றுவிடும். நிசிலிலும் அதே இடத்தில் நான்காம் அடுக்கு ஒற்றையாகிறது, மூன்றாம் அடுக்கின் அடியில் பெரிய கூம்பு (பிரமிடு) வடிவ நரம்பு செல்கள் வருகின்றன. ஆனாலும் இந்த எல்லைக்கு என் ஓட்டு மயலினுக்குத்தான். ஒன்று மட்டும் கவனம்: சாயத்தைக் கழுவி வெளிறச் செய்யும் கட்டத்தில் கொஞ்சம் அதிகமானாலும் மெல்லிய இழைகள் மறைந்துபோகும்.

செல்லின் ஆற்றல் உற்பத்திக்கு உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியைக் காட்டும் சாய முறையும் உண்டு. 17-இல் புள்ளிகள், 18-இல் பட்டைகள் என்று அழகாகக் காட்டும். ஆனால் அது நொதியின் வேலையைக் காட்டும் முறை. பல வருடம் ஃபார்மலினில் கிடந்த மூளைக்கு உதவாது.

சரி, உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் இயக்கப் புறணிக்கு வந்தால் கதை மாறுகிறது. பிராட்மன் பகுதி 4-இலும் அதற்கு முன்னால் உள்ள 6-இலும் நான்காம் அடுக்கு தனியாகத் தெரியாது. வேறுபாடு ஐந்தாம் அடுக்கில்தான்: 4-இல் பெட்ஸ் செல்கள், 1874-இல் விளாதிமிர் பெட்ஸ் விவரித்த ராட்சதக் கூம்புகள். நிசிலில் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். முன்னே போகப் போக அவை அருகி மறையும், எங்கே நின்றன என்று இருவர் பார்த்தால் இரண்டு இடம் சொல்வார்கள். 4-இல் மயலின் அடர்த்தி கூடுதல்தான், ஆனால் அந்த மாற்றமும் படிப்படியானது. அதனால் இங்கே முதலில் நிசில். அதிலும் செல் அடர்த்தியை அடுக்கு அடுக்காக அளந்து பார்த்தபின்பே எல்லை வைப்பேன். வெட்டு மடிப்புக்குச் சாய்வாகப் போயிருந்தால் அடுக்குகள் பொய்யாகத் தடித்துக் காட்டும், அந்த ஸ்லைடை ஒதுக்கிவிடுங்கள்.