ஒரு லிட்டர் நீருக்கு ஒரு பாக்கெட்: ஓ.ஆர்.எஸ். தூள் பற்றிய மதிப்புரை

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை என வடசென்னையின் எந்தப் பகுதியிலும் மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பொருள்களுள் மிக மலிவானதும், என் மதிப்பீட்டில் மிக நுட்பமானதும், உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரான, பேதியால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கலந்து குடிக்கும் ஓ.ஆர்.எஸ். தூள்தான். உறையும் வாசனையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் மருந்தாகச் செயல்படும் பகுதி ஒன்றே என்பதால், எந்த பிராண்டையும் பெயர் சொல்லாமல் பொருளையே மதிப்பிடுகிறேன்.

ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். உறையின் பின்புறத்தில் இந்த நான்கு எண்களும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இந்த அளவுகளுக்குப் பின்னால் காலரா பாக்டீரியாவின் நச்சைப் பற்றிய நீண்ட ஆராய்ச்சி இருக்கிறது. அதை அறிந்தவர் இந்தப் பாக்கெட்டை அலட்சியமாகக் கலக்க மாட்டார்.

காலராக் கிருமியை 1884இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். ஆனால் அந்தக் கிருமி ஒரு மனிதனைச் சில மணி நேரத்தில் வற்றவைத்துவிடுவது எப்படி என்பது முக்கால் நூற்றாண்டுக் காலம் விளங்காமலே இருந்தது. அதே கல்கத்தாவின் நோய்க்குறியியல் அறிஞர் சம்புநாத் தே, கிருமிகளை வளர்த்த திரவத்தை வடிகட்டி, உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத அந்த வடிநீரை, முயலின் குடலில் இருபுறமும் கட்டிய ஒரு துண்டுக்குள் செலுத்தினார். கிருமி இல்லாமலேயே அந்தக் குடல் துண்டு நீரால் வீங்கியது. குடலைப் பாதிப்பது கிருமி வெளியே சுரக்கும் நச்சு என்பதை இந்த எளிய சோதனை நிறுவியது. 1959இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. பெரிய கருவிகளோ பெரும் நிதியோ இல்லாத ஆய்வுக்கூடத்தில் நடந்த இந்தப் பணியை, அவர் வாழ்ந்த காலத்தில் நம் நாடு போதிய அளவு போற்றவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. நோபல் அறக்கட்டளை நடத்திய காலரா கருத்தரங்குக்கு 1978இல் அவர் அழைக்கப்பட்டார், 1985இல் காலமானார்.

பின்னர் வந்த ஆய்வுகள் நச்சின் செயலை விளக்கின. நச்சின் ஒரு பகுதி குடல் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, இன்னொரு பகுதி உள்ளே நுழைந்து, செல்லுக்குள் சுரப்பைத் தூண்டும் நொதியை ஓயாமல் இயங்கச் செய்கிறது. மூட முடியாதபடி மரை கழன்ற குழாய்போல, செல்லிலிருந்து குளோரைடு வெளியேறிக்கொண்டே இருக்க, அதன் பின்னால் நீரும் போகிறது. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உடலுக்குள் நுழையும் வழியை நச்சு தொடுவதில்லை. 1960இல் உயிர்வேதியியல் அறிஞர் ராபர்ட் கிரேன் முன்வைத்த இந்த இணைக் கடத்தல்தான் பாக்கெட்டின் அடிப்படை. குளுக்கோஸ் சோடியத்தையும், அவை இரண்டும் நீரையும் உள்ளே இழுக்கின்றன. சர்க்கரை இங்கே சுவைக்காகச் சேர்க்கப்படவில்லை என்பதைக் குழந்தை வளர்ப்பவர்கள் அனைவரும் அறிய வேண்டும்.

1971இல் பங்களாதேஷ் அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்காளத்தின் போங்காவ் முகாமில், நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 2002இல் சோடியத்தையும் குளுக்கோஸையும் குறைத்து, கரைசலின் அடர்வு லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலிலிருந்து (கரைந்த துகள்களின் அளவைக் குறிக்கும் அலகு) 245ஆக மாற்றப்பட்டது. நாம் இன்று வாங்குவது இந்தச் சூத்திரம்தான்.

சென்னைக்கு இதில் தனித் தொடர்பும் உண்டு. ஓ139 என்ற புதிய காலரா வகை 1992இல் முதலில் கவனிக்கப்பட்டது இங்கேதான். கிருமியின் மேலுறை மாறியிருந்ததால் பழைய எதிர்ப்பாற்றல் பயன்படவில்லை; பெரியவர்களும் படுத்தார்கள். ஆனால் அது சுரந்தது அதே நச்சு என்பதால் அதே கரைசல் பலனளித்தது. மழைக்காலத்தில் குடிநீரில் கழிவுநீர் கலக்கும் தெருக்களும், லாரித் தண்ணீரைக் குடங்களில் பிடித்து வைக்கும் வீடுகளும் உள்ள பகுதியில் இந்தப் பாக்கெட் அரிசி, பருப்போடு சேர்த்து வைத்திருக்க வேண்டிய பொருளாகும்.

பயன்பாட்டில் குறைகளும் உண்டு. வாசனை சேர்க்காத தூள் உப்புக் கரிப்பாக இருப்பதால் குழந்தைகள் முகம் சுளிக்கிறார்கள்; ஆரஞ்சு வாசனை சேர்த்ததை என் அக்கா மகள் மறுக்காமல் குடித்தாள். கடற்கரைக் காற்றில், ஓரம் சரியாக ஒட்டாத உறைகளில் தூள் கட்டிபட்டுவிடுகிறது, அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். நான் வாங்கிய உறைகளில் கலக்கும் முறை கண்ணுக்கு எட்டாத சிறிய ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. இதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை. பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக உள்ளது. உப்பு மிகுந்த அந்தக் கரைசல் குழந்தைக்குத் தீங்கு செய்யும். முழுப் பாக்கெட்டையும் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் கலந்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அளவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டலாம்.

கடைகளின் சேவையைப் பற்றி இவ்வளவு நிறைவாகச் சொல்ல முடியவில்லை. பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கேட்டபோது, எங்கள் பகுதிக் கடையொன்றில் அட்டைப்பெட்டியில் அடைத்த இனிப்புப் பானத்தை எடுத்து நீட்டினார்கள். சூத்திரத்துக்கு உட்படாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும் என்பதால், தூள் பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தூள் கிருமியைக் கொல்வதுமில்லை, பேதியை உடனே நிறுத்துவதுமில்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே அதன் வேலை. கண்கள் குழிந்து, சிறுநீர் குறைந்து, குடிக்கவும் முடியாமல் சோர்ந்த குழந்தையைப் பாக்கெட்டை நம்பி வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மற்றபடி, காசு கொடுத்து வாங்க இயலாதவர்கள் அருகிலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே சூத்திரத் தூளை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். குழந்தைக்கு என்றால் துத்தநாக மாத்திரையையும் சேர்த்துக் கேளுங்கள், பேதி நின்ற பிறகும் அதை மொத்தம் 14 நாள்கள் கொடுக்க வேண்டும்.