15ஆவது நகர்வில் கடிகாரம் என்ன காட்டுகிறது?

சதுரங்கத்தில் ஆளுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். இந்த நேரக்கணக்கில் தொடர்ந்து ஆடுபவர்களுக்கு எந்த ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) தந்திரம் தேறுகிறது என்று காட்டிக்கொடுப்பது நகர்வுகளை எழுதிவைக்கும் ஸ்கோர்ஷீட்தான். நகர்வுக்குப் பக்கத்தில் மீதி நிமிடத்தைக் குறித்து வையுங்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அதை அனுமதிக்கிறது. 20 ஆட்டம் சேர்ந்ததும் உங்கள் பழக்கம் பளிச்சென்று தெரியும்.

பலருக்குத் தெரியவருவது இதுதான்: 11 நகர்வுவரை மனப்பாடம், செலவு 2 நிமிடம், 12ஆவது நகர்வுக்கு மட்டும் 25 நிமிடம். படபடவென்று ஆடி எதிராளியை மிரட்டிய பலன் அங்கேயே கரைந்துபோகிறது. வரிசை தெரியும், வந்து நிற்கும் நிலை புரியாது. அதனால் ஒவ்வொரு லைனும் (மனப்பாடமான நகர்வு வரிசையும்) முடியும் இடத்தில் மூன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: எந்தச் சிப்பாயைத் தள்ளி மையத்தை உடைப்பது, நம்முடைய எந்தக் காய் முடங்கிக் கிடக்கிறது, எந்தக் காய்மாற்றம் நமக்கு ஆகாது.

தெரிந்த நகர்வையும் 20, 25 விநாடி எடுத்தே ஆடுங்கள். 30 விநாடி திரும்பக் கிடைப்பதால் நேரம் குறையாது. தயாரிப்பு எங்கே முடிகிறது என்பதும் எதிராளிக்குப் பிடிபடாது. அதைவிட முக்கியம், வரிசை மாறினால் கண்ணில் படும். வெள்ளை ஆடும் லண்டன் முறை என்ற ஓப்பனிங்கில் இது நிறையவே நடக்கிறது. டி4, பிஷப் எஃப்4 என்று கைப்பழக்கத்தில் போகும்போது கறுப்பு சி5, ராணி பி6 என்று வந்து பி2 சிப்பாயைக் குறிவைக்கும். கறுப்பு ஜி6, டி6 என்று அமைத்தால் ஹெச்3 தள்ளி பிஷப்புக்கு ஹெச்2இல் இடம் செய்துகொள்வது நல்லது. தாமதித்தால் குதிரை ஹெச்5 வந்து அந்த பிஷப்பைத் துரத்தும்.

யோசிப்பதுபோல் நடித்து 5 நிமிடம் கழிப்பது வீண். அந்த நிமிடங்கள் 35ஆவது நகர்வில் வேண்டியிருக்கும்.

எதிராளி எதிர்பாராத ஓப்பனிங் நல்ல ஆயுதம்தான், ஆனால் அது தரமானதாக இருக்க வேண்டும். 1972 ரேக்யவிக் உலகப் போட்டியில், பெரும்பாலும் முதல் நகர்வாக இ4 ஆடிவந்த ஃபிஷர் 6ஆவது ஆட்டத்தை சி4இல் தொடங்கி, குயின்ஸ் கேம்பிட் என்ற ஓப்பனிங்குக்குள் போய் வென்றார். 2000 உலகப் போட்டியில் காஸ்பரோவுக்கு எதிராக கிராம்னிக், பெர்லின் தடுப்பு என்ற கறுப்பின் ஓப்பனிங்கைக் கையில் எடுத்தார். காஸ்பரோவால் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. எதிராளி தவறினால் மட்டுமே பலிக்கும் பொறியை இவற்றோடு சேர்க்க முடியாது. அவர் 10 நிமிடம் நிதானித்தால் மோசமான நிலை நம் கையில் மிஞ்சும்.

அதிர்ச்சி உங்களுக்கு வந்தால் வேகத்துக்கு வேகம் காட்டாதீர்கள். 1918இல் மார்ஷல் தயாரித்து வைத்திருந்த தாக்குதலை கேபபிளாங்கா பலகையின் முன்னால் உட்கார்ந்தே யோசித்து முறியடித்தார். ஒரே தடவை 10 நிமிடம் கொடுங்கள்: உடனடி மிரட்டல் இருக்கிறதா, மையம் எப்படி மாறியது, எந்தக் காய் இன்னும் வெளியே வரவில்லை. அதே கேள்வியை அடுத்தடுத்த நகர்வுகளிலும் போட்டு உழப்பினால் நேரம் பறிபோகும். 2024 உலகப் போட்டியின் 3ஆவது ஆட்டத்தில் முதல் 40 நகர்வுக்கு 120 நிமிடம், கூடுதல் விநாடி கிடையாது. குகேஷுக்கு எதிராக டிங் லிரென் 40ஐ எட்டுமுன் நேரம் தீர்ந்து தோற்றார்.

90+30இல் 15 நகர்வு முடியும்போது 75 நிமிடமாவது மிஞ்சட்டும். 65க்குக் கீழே அடிக்கடி இறங்கினால், எந்த லைனில் இறங்குகிறது என்று ஸ்கோர்ஷீட்டைப் பார்த்து, முதலில் அந்த லைனைச் சரிசெய்யுங்கள்.